நண்பர்களோடு பைக்கில் வால்பாறை: ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். சமவெளியில் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இந்தத் தொலைவுக்கு, நான்கைந்து வண்டிகள் சேர்ந்து மலையேறும்போது மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஆழியார் அணையைத் தாண்டியபின் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்ததைத்தான் போய்வந்தவர்கள் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் ஏற்றத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் வண்டி அணைந்து நிற்பதோடு முடிந்துவிடும். இறக்கத்தில் செய்யும் தவறு அப்படி முடிவதில்லை. ஆகையால் இந்தப் பயணத்துக்கான ஆயத்தத்தை இறங்கும் நேரத்தை மனத்தில் வைத்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நண்பரின் முன் பிரேக். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வண்டிகளில் வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் ஆளையும் இரண்டு பைகளையும் ஏற்றியிருந்த அவர், நான்காம் கியரில் முன் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வந்திருக்கிறார். பாதிக்கும் மேல் இறங்கிய நிலையில், ஒரு வளைவை நெருங்கும்போது பிரேக் லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. நல்வேளையாக அந்த இடத்தில் இடப்பக்கம் பள்ளமாக இல்லாமல் மலைச்சுவராக இருந்தது. அவர் கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, ஓரத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கி நிறுத்திவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கருகிய நாற்றம் அடித்தது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. அரை மணி நேரம் கழித்து லீவரை அழுத்திப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் பிரேக் பிடித்தது.

நடந்தது இதுதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. புதிதாக ஊற்றிய டாட் 4 வகை எண்ணெய் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் பிடிப்பதால் உண்டாகும் சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றினால், லீவரின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்க வேண்டிய பேடுகள் அதைக் கவ்வுவதில்லை. சூடு ஆறியதும் குமிழ்கள் மறைந்து பிரேக் திரும்பிவிடுவதால், பலர் காரணம் தெரியாமலே அடுத்த பயணத்துக்கும் அதே எண்ணெயோடு கிளம்புகிறார்கள். வண்டி வாங்கிய நாள் முதல் அந்த நண்பர் எண்ணெயை மாற்றியதே இல்லை.

ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். ஒரு டேங்க் பெட்ரோலுக்கு ஆகும் செலவுகூட ஆகாது. பேடுகளின் தடிமன், பின் டிரம் பிரேக்கின் மிதி எவ்வளவு கீழே போகிறது, டயரின் கோடுகள், செயினின் தொய்வு, கிளட்ச் கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா என்பவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கிளம்பும் நாளின் முந்தைய மாலையில் இவற்றைச் செய்வது வீண். புதிய பேடுகள் டிஸ்கோடு பொருந்த ஊருக்குள் சில நாள் ஓட்டம் தேவை. மாற்றிய பாகத்தில் குறை இருந்தால் அது உங்கள் தெருவிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

பருவம் குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை வலுவாகப் பெய்யும். அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மலைப்பாதைக்குப் புதியவர்கள் இருக்கும் குழு அந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலம் ஓட்டுவதற்கு இதமானது. ஆனால் அப்போதும் கவர்க்கல் பகுதியில் பனிமூட்டம் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி மூடிக்கொள்வது உண்டு என்பதால், முன் விளக்கும் பின் விளக்கும் ஒழுங்காக எரிய வேண்டும். நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் முறை, 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றோடு கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் ஒருவருடைய தாள் இல்லாவிட்டால் நிற்பது ஐந்து வண்டிகளும்தான். மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாகக் கேரளத்துக்குள் இறங்கும் காட்டுப்பாதையில் நேரக் கட்டுப்பாடுகள் உண்டு. அவ்வப்போது மாறவும் செய்யும். எனவே அந்த வழியைத் திட்டத்தில் சேர்க்குமுன் வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி, குழுவை எப்படி அமைப்பது என்பதைப் பார்ப்போம். நான்கு அல்லது ஐந்து வண்டிகளே ஒரு குழுவுக்கு அளவானது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதை தெரிந்த, நிதானமாக ஓட்டும் ஒருவர் முதலில் செல்ல வேண்டும். அனுபவம் குறைந்தவரை அவருக்கு அடுத்ததாக, இரண்டாம் இடத்தில் வர வைக்க வேண்டும். அவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போகிறவர்களைப் பிடிப்பதற்காகத் தன் திறனுக்கு மீறிய வேகத்தில் வளைவுகளில் நுழைவார். மலைப்பாதையில் புதியவர்கள் விழுவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் இதுதான். குழுவிலேயே அதிக அனுபவமுள்ளவர் கடைசி வண்டியாக வர வேண்டும், அவரிடமே பஞ்சர் ஒட்டும் பொருள்களும் ஸ்பேனர்களும் முதலுதவிப் பையும் இருக்க வேண்டும். பழுதாகி நிற்கும் எந்த வண்டியையும் கடந்துதானே அவர் வருவார்!

வழிநெடுகப் பின்பற்ற வேண்டிய விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவர் சற்று நேரம் தென்படாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சாலை பிரியும் இடங்களில் அவர் கண்ணில் படும் வரை நின்று, திரும்ப வேண்டிய திசையைக் காட்டிவிட்டே நகர வேண்டும். இப்படிச் செய்தால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே தொடர்பு அறுவதே இல்லை. பாதையின் பல பகுதிகளில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால், அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பிரிந்து போகக் கூடாது.

ஏறும்போது வளைவுகளில் நட்டிருக்கும் 1/40, 2/40 என்ற பலகைகள் எத்தனையாவது வளைவு என்பதைக் காட்டிக்கொண்டே வரும். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளே கடினமானவை; நாம் உள்வட்டத்தில் இருப்பதால் அங்கே சரிவு செங்குத்தாகவும் திருப்பம் நெருக்கமாகவும் இருக்கும். வளைவுக்குள் நுழைந்தபின் கியரைத் தேடினால் வண்டி அணைந்து பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஆதலால் நுழையுமுன்பே முதல் அல்லது இரண்டாம் கியருக்கு மாற்றி, சீரான ஆக்சிலேட்டரோடு, கண்ணைச் சக்கரத்தின் முன்னால் வைக்காமல் வளைவின் மறுமுனையில் வைத்துத் திரும்புங்கள். பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும். அதற்குத் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். ஒன்பதாம் வளைவில் உள்ள காட்சிமுனையில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். ஆழியார் நீர்த்தேக்கம் முழுதும் கீழே விரிந்து கிடக்கும். அதைவிட முக்கியமாக, யாருடைய வண்டி திணறுகிறது, யாருடைய முகம் வெளிறியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள அதுவே நல்ல இடம். அதற்கு மேல் சாலையோரத் தடுப்புச் சுவர்களிலேயே வரையாடுகள் நிற்பதைக் காணலாம். ஓடும் வண்டியிலிருந்து அவற்றைப் படமெடுக்க முயல வேண்டாம்.

அட்டகட்டியைத் தாண்டித் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தபின் சாலை எளிதாகிவிட்டதாகத் தோன்றும், அங்கேதான் கவனம் தளரும். தோட்டத்து டிராக்டர்கள் இழுத்துவரும் செம்மண், தூறல் விழுந்ததும் வளைவுகளில் வழுக்கலாகிவிடும். வால்பாறையை நெருங்கும் புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் எனப்படும் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை வண்டியில் அடிபடாமல் இருப்பதற்காக மரங்களுக்கிடையே சாலைக்கு மேலாகப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் கீழே இறங்குபவை உண்டு. மிகவும் அரிய இந்த உயிருக்கு ஒரு பிஸ்கட்டைக்கூடப் போடாதீர்கள். அந்தப் பழக்கம்தான் அதைச் சாலைக்கு இழுக்கிறது.

யானைகள் நடமாடும்போது ஊரை எச்சரிக்க, கைபேசி மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்குகள் வால்பாறைப் பகுதியில் உள்ளன. அந்த விளக்கு எரிந்தால் நின்று, அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். சாலையிலேயே யானையைக் கண்டால் நன்றாகத் தள்ளி நின்று, ஹாரன் அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், வண்டியைத் திருப்பிக்கொள்ள இடம் வைத்துக் காத்திருக்க வேண்டும். சிறுத்தைகளும் உலவும் ஊர் என்பதால், இருட்டும் முன் தங்குமிடம் சேர்ந்துவிடும்படி நாளைத் திட்டமிட வேண்டும்.

இறங்கும் நாளில் காலை உணவு முடித்து, பனி விலகியபின் கிளம்புங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவதே பழைய ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் விதி. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல், வளைவுக்கு முன் நேரான பகுதியில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். விடும் நேரத்தில்தான் அது ஆறுகிறது. பெட்ரோலை மிச்சம்பிடிக்க எஞ்சினை அணைத்தோ நியூட்ரலில் போட்டோ உருட்டிக்கொண்டு வருவது உயிரோடு விளையாடுவது. எதிரே மேலேறி வரும் வண்டிக்கு வழிவிடுவது சட்டமும்கூட. பத்து வளைவுக்கு ஒருமுறை, அகலமான ஓரம் பார்த்து ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அப்போது ஒவ்வொருவரும் முன் பிரேக் லீவரை அழுத்திப் பார்த்து, வழக்கத்தைவிடத் தளர்வாக இருந்தால் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அது நன்றாக ஆறும் வரை குழு முழுவதும் அங்கேயே காத்திருக்க வேண்டும்.

ஆழியாரில் கீழே வந்து சேர்ந்ததும் முதல் வண்டி நின்று, கடைசி வண்டி வரும் வரை காத்திருக்கட்டும். கொதிக்கும் டிஸ்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது கோணிக்கொள்ளும். வளைவுகளில் இறுகியிருந்த உடல் இனி நேரான பொள்ளாச்சிச் சாலையில் தளர்ந்து, கண்ணைச் செருகத் தொடங்கும் என்பதால், அணைக்கு அருகிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.