மருத்துவமனைப் பேய்ப்படம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனையைக் களமாக வைத்துப் பேய்ப்படம் எழுத உட்காரும் பலரும் முதல் பக்கத்திலேயே கட்டடத்தைக் காலி செய்துவிடுகிறார்கள். ஆளரவமற்ற தாழ்வாரம், விட்டு விட்டு எரியும் குழல்விளக்கு, தானாக உருளும் சக்கர நாற்காலி என்றே காட்சி தொடங்குகிறது. என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறு.

நம் ஊர் அரசு மருத்துவமனை ஒன்றினுள் இரவு இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் தாழ்வாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். தலைமாட்டில் வயர்கூடையும் ஃபிளாஸ்க்கும், ஸ்கேன் படம் வைத்த நீளமான உறையும் இருக்கும். வார்டுக்குள் எங்கோ ஓர் இருமல்; மேசையில் குனிந்து கேஸ் ஷீட் எழுதும் ஸ்டாஃப் நர்ஸ். அந்த இடம் முழுவதும் கணக்கால் இயங்குகிறது: எத்தனை படுக்கை, எத்தனை பேர், யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி, யாருடைய சலைன் பாட்டில் எப்போது தீரும். டியூட்டி மாறும்போது ஒரு செவிலியர் அடுத்தவரிடம் ஒவ்வொரு படுக்கையாக நின்று இந்தக் கணக்கை ஒப்படைக்கிறார். பேய் நுழைய வேண்டிய இடம் இந்தக் கணக்குதான். முப்பத்திரண்டு படுக்கை, முப்பத்திரண்டு கேஸ் ஷீட், ஆனால் விடியற்காலையில் காய்ச்சல் பார்த்துக்கொண்டு வரும் செவிலியரிடம் முப்பத்து மூன்றாவதாக ஒரு கை நீள்கிறது என்றால், விளக்கு அணைய வேண்டிய தேவையே இல்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு காட்சியைப் பார்த்துப் படிக்கலாம். வில்லியம் பீட்டர் பிளாட்டி எழுதி இயக்கிய, 1990இல் வெளியான ‘எக்சார்சிஸ்ட்’ மூன்றாம் படத்தில் அது வருகிறது. தாழ்வாரத்தின் ஒரு கோடியில் கேமரா அசையாமல் நிற்கிறது. தொலைவில் இரவுப்பணிச் செவிலியர் தம் மேசைக்கும் அறைகளுக்கும் இடையே நடக்கிறார். ஏதோ சத்தம் கேட்டு ஓர் அறைக்குள் போகிறார். கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டி வெடித்த சத்தம் அது. திரும்பி வருகிறார், மறுபடியும் வேலையைப் பார்க்கிறார். அவருடைய நடையின் தாளம் நமக்குப் பழகிப்போகும் அளவுக்குக் காட்சி நீள்கிறது. அதன் பிறகே, அவர் ஓர் அறையிலிருந்து வெளியேறிய அடுத்த நொடியில், வெள்ளைத் துணி போர்த்திய உருவம் பெரிய கத்திரியோடு அவர் பின்னால் வருகிறது. அதிர்ச்சி நீடிப்பது ஓரிரு நொடிதான். அதற்கு முன்பிருந்த பொறுமைதான் அதைத் தாங்குகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை திடீர் இசையால் பார்வையாளரை உலுக்குவோர், பழகுவதற்கு நேரமே கொடுக்காமல் கலைப்பதற்கு எதுவும் இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

அடுத்தது மருத்துவப் பிழைகள். மானிட்டரில் கோடு நேராகிவிட்டது, உடனே மருத்துவர் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுக்கிறார், உடல் துள்ளி விழுகிறது. இது தவறு. இதயக் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிதுடிக்கும் நிலைக்கும், நாடித்துடிப்பே கிடைக்காத அதிவேகத் துடிப்புக்கும்தான் மின்னதிர்ச்சி. நேர்க்கோட்டுக்கு அது பயன்படாது. அப்போது செய்வது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் செலுத்துவதும்தான். கை சோர்வதால் அழுத்துபவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாறுவார். பிறகு ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து இறந்த நேரத்தைச் சொல்வார். செவிலியர் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். ஒயர்கள் கழன்று கட்டிலில் கிடக்க, திரையில் மட்டும் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அது எப்படிப்பட்ட காட்சியாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நடைமுறையை அறிந்தவருக்குத்தான் இப்படி ஒன்று தோன்றும்.

பிணவறைக் காட்சிகளிலும் இதே அறியாமை. கொலையுண்டவரின் உடலை நள்ளிரவில் தனி மருத்துவர் ஒருவர் அறுத்துக்கொண்டிருப்பார். சூரியன் மறைந்த பின் உடற்கூறாய்வு செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்ததே 2021 நவம்பரில்தான்; அதுவும் உரிய வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும். கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சதி இருப்பதாக ஐயப்படும் மரணம் ஆகியவற்றுக்குச் சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தாலன்றி அந்த அனுமதி பொருந்தாது. ஆகவே கொலையுண்ட உடல் விடியும்வரை குளிர்பெட்டியில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இரவை எழுதுங்கள்; கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உறவினரையும் எழுதுங்கள்.

மனநல மருத்துவமனையைக் களமாக்கும்போது நேரும் தவறு இவற்றையெல்லாம்விடக் கொடியது. அதில் உண்மையான மனிதர்கள் காயப்படுகிறார்கள். நோயாளியையே பேயாகவும் கொலைகாரராகவும் காட்டுவது, மயக்க மருந்தில்லாமல் மூளைக்குக் கொடுக்கும் மின்னதிர்ச்சியை அன்றாடச் சிகிச்சை போலக் காட்டுவது ஆகியவை இன்றும் தொடர்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாத மின்னதிர்ச்சியைத் தடை செய்துள்ளது; சங்கிலியால் கட்டுவதையும் தடை செய்துள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்த நாட்டில் நாம் எழுதுகிறோம். சங்கிலிச் சத்தத்தைப் பேய் வரும் ஒலியாகப் பயன்படுத்துவதற்கு முன் அதை நினைக்க வேண்டும்.

உண்மையான மருத்துவமனையின் பெயரைப் பயன்படுத்துவதிலும் எச்சரிக்கை தேவை. தென்கொரியாவின் கொன்ஜியாம் மனநல மருத்துவமனை 1996இல் மூடப்பட்டது. நோயாளிகள் மர்மமாக இறந்ததாகவும் இயக்குநர் தற்கொலை செய்துகொண்டதாகவும் வதந்தி கிளம்பியது. கழிவுநீர்ச் சிக்கலும் பணநெருக்கடியுமே அதை மூடவைத்தன. அதே பெயரில் 2018இல் படம் வந்தபோது, கட்டடத்தின் உரிமையாளர் தடை கேட்டு நீதிமன்றம் போனார். தடை கிடைக்கவில்லை, படமும் பெருவெற்றி பெற்றது. ஆனால் படப்பிடிப்பு நடந்தது பூசானில் மூடிக் கிடந்த ஒரு பள்ளியில். வேறொரு கட்டடத்தை வைத்தே அத்தனை அச்சத்தையும் உண்டாக்க முடிந்தவர்களுக்கு அந்த ஊர்ப்பெயர் இல்லாமலும் முடிந்திருக்கும்.

கடைசியாக, முடிவுக் காட்சி. தவறான சிகிச்சையால் இறந்த பெண், மறைத்த மருத்துவர், பழிவாங்கல், பூசாரி, மந்திரம் என்று கடைசி இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மேலே சொன்ன 1990ஆம் ஆண்டுப் படத்துக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் ஒரு பேயோட்டும் காட்சி பின்னர் சேர்க்கப்பட்டது. பிளாட்டி முதலில் எடுத்த வடிவத்தில் அது கிடையாது. இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் நினைவுகூர்வது, ஒரு செவிலியர் நடந்துகொண்டிருந்த அந்தத் தாழ்வாரத்தைத்தான்.