எச்.ஐ.வி.யை எதிர்க்கும் நம் செல்லின் நொதிகள்: காகித எழுத்துகளைக் கொண்டு வகுப்பில் விளக்கும் முறை

நெல்லைச் சீமையின் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் நடத்தும் ஆசிரியர்களுக்காகவும், அறிவியல் கண்காட்சிக்குப் பொருள் தேடும் மாணவர்களுக்காகவும் இந்த வழிமுறையை எழுதுகிறேன். நோய் எதிர்ப்பை வழிநடத்தும் உதவி டி செல்களை எச்.ஐ.வி. அழிக்கிறது என்பதை நாம் தவறாமல் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால், அந்தச் செல் தன் பங்குக்கு என்ன செய்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுகிறோம். போர், படை, கோட்டை என்ற சொற்களால் அதை விளக்குவதை நான் விரும்புவதில்லை. எந்த மூலக்கூறில் எந்த மாற்றம் நிகழ்கிறது என்பதை மாணவர்கள் தம் கையாலேயே செய்து பார்த்தால்தான் நொதி என்பது ஒரு வேதிவினையைச் செய்யும் புரதம் என்ற உண்மை அவர்கள் மனத்தில் நிற்கும்.

முதலில் தடித்த அட்டையில் சிறு சதுரங்களாக, டி.என்.ஏ.வின் காரங்களைக் குறிக்கும் ஏ, டி, சி, ஜி என்ற எழுத்துகளை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குழுவுக்கு ஏ, டி ஆகியவற்றில் பத்துப் பத்தும், சி, ஜி ஆகியவற்றில் ஐந்தைந்தும் போதும். ஆர்.என்.ஏ.வில் டி-க்குப் பதிலாக வரும் யு என்ற எழுத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதி இரண்டு சதுரங்கள் வைத்துக்கொள்ளலாம். ஒரு நீண்ட காகிதத் துண்டில் ‘ஏயுஜி சிஏயு யுஜிஜி ஏஏஏ’ என்று எழுதுங்கள். இது வைரஸின் ஆர்.என்.ஏ. உண்மையான ஆர்.என்.ஏ.வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் உண்டு என்பதையும், இது பாடத்துக்காக நாமே அமைத்த தொடர் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். வைரஸ் துகளாக ஒரு தபால் உறை. மேசைகள் கட்டாயம் இரண்டு வேண்டும்: ஒன்று புதிய வைரஸ்கள் உருவாகும் செல், மற்றொன்று அவை அடுத்துச் சென்று புகும் செல்.

முதற்சுற்றை விரைவாக முடித்துவிடலாம். முதல் மேசையில் ஆர்.என்.ஏ. துண்டை உறையிலிட்டு இரண்டாம் மேசைக்கு அனுப்ப வேண்டும். அங்கே, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. கட்டும் வைரஸின் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸாக இருக்கும் மாணவர் வலக் கோடியிலிருந்து தொடங்கி ஏ-வுக்கு டி, யு-வுக்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி என்று ஒவ்வொரு சதுரமாக அடுக்கி முதல் டி.என்.ஏ. இழையை அமைப்பார். பிறகு அதற்கு இணையான இரண்டாம் இழையை அமைத்தால் ‘ஏடிஜி சிஏடி டிஜிஜி ஏஏஏ’ என்று வரும். வைரஸின் செய்தி பழுதின்றிப் படியெடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாம் சுற்றுதான் பாடத்தின் உயிர்நாடி. இதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். அப்போபெக்3ஜி என்ற நொதியின் பெயரெழுதிய ஒரு சீட்டை, முதல் மேசையிலேயே ஆர்.என்.ஏ.வுடன் சேர்த்து உறைக்குள் வைக்க வேண்டும். இந்த நொதி தான் இருக்கும் செல்லில் அப்போதே வைரஸைத் தடுப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள்; உண்மையில் அது புதிதாக உருவாகும் வைரஸ் துகளுக்குள் சேர்ந்துகொண்டு, அந்தத் துகள் அடுத்த செல்லில் புகுந்த பின்னரே தன் முக்கிய வேலையைச் செய்கிறது. இரண்டு மேசைகள் வேண்டும் என்று வற்புறுத்தியதற்கு இதுவே காரணம். இரண்டாம் மேசையில் முதல் டி.என்.ஏ. இழை அமைந்தவுடன், நொதியாக இருக்கும் மாணவர் அந்த இழையில் இரண்டு சி அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேடி, அவற்றுள் பின்னதாகச் சேர்ந்த சி-யை, அதாவது இடப்புறம் உள்ளதை, எடுத்துவிட்டுச் சிவப்பு யு-வை வைக்க வேண்டும். சைட்டோசினிலிருந்து அமினோ தொகுதி நீங்கினால் அது யுராசில் ஆகிவிடும் என்ற வேதிமாற்றத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது நல்லது.

இப்போது இரண்டாம் இழையை அமைக்கச் சொல்லுங்கள். யு-வுக்கு இணை ஏ என்பதால், முன்பு டிஜிஜி இருந்த இடத்தில் டிஏஜி வந்து நிற்கும். அதன் ஆர்.என்.ஏ. வடிவமான யுஏஜி ஒரு நிறுத்துக் குறியீடு. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டிய இடத்தில் புரத உருவாக்கமே நின்றுவிடுகிறது. ஓரிடத்தில் நேர்ந்த மாற்றத்துக்கே விளைவு இதுவென்றால், வைரஸின் மரபுச் செய்தி நெடுகிலும் இப்படி ஜி இருந்த இடங்களில் ஏ வந்துவிட்டால் என்னவாகும் என்று கேட்டு, மாணவர்களையே விடை சொல்ல விடுங்கள்.

அப்படியானால் மனிதருக்கு எச்.ஐ.வி. தொற்றுவது எப்படி என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். மூன்றாம் சுற்று அந்தக் கேள்விக்கான விடை. வைரஸிடம் விஃப் என்ற புரதம் இருக்கிறது. அது முதல் மேசையிலேயே அப்போபெக்3ஜி-யைப் பற்றிக்கொண்டு, செல்லுக்குச் சொந்தமான வேறொரு நொதித் தொகுதியை அழைத்து அப்போபெக்3ஜி-யின் மீது யுபிக்விட்டின் என்னும் அடையாளத்தை ஒட்டச் செய்கிறது. அடையாளம் ஒட்டப்பட்ட புரதத்தைச் செல்லின் புரோட்டியசோம் சிதைத்துவிடுகிறது. ஆகவே நொதிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, உறையை ஆர்.என்.ஏ.வுடன் மட்டும் அனுப்ப வேண்டும். விஃப் இல்லாத வைரஸ் சில வகைச் செல்களிலிருந்து வெளிவந்தால் மட்டும் ஏன் தொற்றும் திறனை இழக்கிறது என்ற நெடுநாள் புதிருக்கு, மைக்கேல் மாலிமின் ஆய்வுக்குழு 2002-இல் இந்த நொதியைக் கண்டறிந்த பிறகே விடை கிடைத்தது.

அடுத்த நொதி சாம்எச்டி1. இது வைரஸை நேராகத் தொடுவதில்லை, டி.என்.ஏ. கட்டத் தேவையான டிஆக்ஸிநியூக்ளியோடைடுகளிலிருந்து மூன்று பாஸ்பேட்டுகளையும் ஒருசேர வெட்டியெடுத்து, செல்லில் அவற்றின் இருப்பைக் குறைத்துவிடுகிறது. முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது எளிது: கடையில் இலையும் தூளும் குறைத்துக் கொடுத்தால் எவ்வளவு விரைவான கையும் பீடி சுற்ற முடியாமல் நின்றுவிடும். செய்முறையில், டி-யில் நான்கும் மற்றவற்றில் ஒவ்வொன்றும் மட்டுமே கொடுத்துப் பாருங்கள். வலக் கோடியிலிருந்து நான்கு எழுத்துகளை அடுக்கியதும் சி தீர்ந்து வேலை நின்றுவிடும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற, பெருகாத செல்களில்தான் இத்தடை வலுவாக இருக்கிறது. பிரிந்து பெருகும் டி செல்களில் இந்நொதியின் மீது ஒரு பாஸ்பேட் சேர்ந்து அதன் வைரஸ் எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. சாம்எச்டி1 எச்.ஐ.வி.யைத் தடுக்கிறது என்பது 2011-இல் அறியப்பட்டது. எச்.ஐ.வி.யின் இரு வகைகளில் ஒன்றான எச்.ஐ.வி.-2 இந்நொதியை அழிக்க விபிஎக்ஸ் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. உலகில் பெரும்பான்மையாகப் பரவியுள்ள எச்.ஐ.வி.-1-இடம் அது இல்லை.

இந்த நொதிகளை உணவாலோ சூரணத்தாலோ கூட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வியும் எழும். அப்படி எந்த உணவும் எச்.ஐ.வி.யைத் தடுக்காது, குணப்படுத்தாது என்று தயக்கமின்றிச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் யார் வீட்டில் என்ன நிலை என்பது நமக்குத் தெரியாது, ஆதலால் ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்’ என்றே குறிப்பிடுங்கள், எவரையும் தம் குடும்பத்தைப் பற்றிப் பேசச் செய்யாதீர்கள். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது.

நேரம் மிஞ்சினால் மருந்துக்காக ஒரு சுற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சி சதுரத்தின் இடப்பக்க ஓரத்தை வெட்டிவிட்டு அதற்கு லாமிவுடின் என்று பெயரிடுங்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் அதைச் சி என்றே நம்பி இழையில் சேர்த்துவிடும். ஆனால் அடுத்த எழுத்தைப் பிணைக்க வேண்டிய ஹைட்ராக்சில் தொகுதி அதில் இல்லாததால், இழை அவ்விடத்திலேயே முடிந்துபோகும். ஏ-வைப் போன்ற டெனோஃபோவிரும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. இவ்விரண்டும் டொலுடெக்ராவிரும் சேர்ந்த கூட்டு மாத்திரை அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மையங்களில் விலையின்றி வழங்கப்படுகிறது. பரிசோதனையை நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், விவரத்துக்கு 1097 என்ற எண்ணை அழைக்கலாம்.