கறியை விட்டவர்கள் சறுக்கும் இடங்கள்

புரட்டாசியில் முப்பது நாள் கறி தொடாமல் இருந்துவிட்டோமே, வருஷம் முழுக்க இருந்தால் என்ன என்று தோன்றுவதுதான் நம்மூரில் பலருக்கும் தொடக்கம். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, ஆறு வருஷத்துக்கு முன்னால். ஆனால் புரட்டாசியில் நாம் செய்வது வெறும் காத்திருப்பு. எப்படியும் ஐப்பசி வந்துவிடும், முதல் ஞாயிறு காலையிலேயே கறிக்கடை வரிசையில் நின்றுவிடலாம் என்ற தெம்பில் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல் என்று ஒப்பேற்றிவிடுகிறோம். ஒரு மாதத்துக்கு அது தாங்கும். அதே சமையலை வருஷக்கணக்கில் நீட்டப் பார்ப்பதுதான் முதல் தவறு.

கறியை விட்டால் இளைத்துப் போவாய் என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். மூன்று மாதத்தில் எனக்கு நாலு கிலோ ஏறியது. காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, தட்டைப் பார்த்தாலே தெரிந்தது. கறி இருந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறும், இரண்டு அப்பளமும் உட்கார்ந்திருந்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறி 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கும். துவரம்பருப்பிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் உண்டு. அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளை சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறோம்? 100 கிராம் போட்டால் அதிகம். ஆளுக்கு ஐந்து கிராம் புரதம் சேர்ந்தால் பெரிய விஷயம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு நாளைக்கு ஐம்பது கிராம். சோற்றிலும் இட்லியிலும் கொஞ்சம் வரும், மறுக்கவில்லை. ஆனால் சாம்பாரை நம்பி மிச்சத்தை எட்ட முடியாது.

ஆகவே பருப்பை ஊற்றிக்கொள்ளும் பொருளாக நினைப்பதை விட்டுவிட்டு, மென்று தின்னும் பொருளாக மாற்ற வேண்டும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 முதல் 14 கிராம் வரை கிடைக்கும். கைப்பிடி நிலக்கடலையில் ஏழு. மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாம் இதே ஜாதி. நவராத்திரிக்கு மட்டும் சுண்டல் செய்யும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியாது, கறி விட்டவன் வீட்டில் அது வாரத்துக்கு நாலு நாள் பண்டம்.

இதிலும் ஒரு கோளாறு உண்டு. உற்சாகத்தில் முதல் வாரமே மூன்று வேளையும் பயறாகத் தின்றால் வயிறு ஊதிக்கொள்ளும். "சைவம் எனக்குச் சேரலை" என்று திரும்பிப் போனவர்களில் பாதிப்பேர் இந்த வாயுவால் போனவர்கள்தான் என்பது என் சந்தேகம். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்து, முதல் இரண்டு வாரம் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டால் குடல் பழகிவிடும்.

மீல்மேக்கரின் பாவம்

கறிக்கு மாற்று என்றதும் எல்லோரும் கை நீட்டுவது மீல்மேக்கர் பாக்கெட்டுக்கு. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவைப் பிசைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளிப் பொரியவைத்த உருண்டை அது. காய்ந்த நிலையில் 100 கிராமில் ஐம்பது கிராமுக்கு மேல் புரதம். ஒரு ஆளுக்கு முப்பது கிராம் போட்டாலே பதினைந்து கிடைத்துவிடும். விலையும் மலிவு. இவ்வளவு நல்ல பொருளைப் பல வீட்டில் ஒரே தடவையோடு ஒதுக்கிவிடுவார்கள். காரணம், பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கொதிக்கிற குழம்பில் கொட்டுவதுதான். குழம்பை முழுக்க உறிஞ்சிக்கொண்டு, கடித்தால் பஞ்சிலிருந்து தண்ணீர் பீச்சுகிற மாதிரி இருக்கும். அந்தப் பச்சை சோயா வாடை வேறு சட்டியை விட்டே போகாது.

கொதிக்கும் தண்ணீரில் உப்புப் போட்டு, அடுப்பை அணைத்து, பத்து நிமிஷம் ஊறவையுங்கள். வடிகட்டி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழியுங்கள். முதல் பிழிதலில் நுரையோடு மங்கலான தண்ணீர் வரும். அந்த நுரையில்தான் பாதி வாடை இருக்கிறது. மறுபடி தண்ணீர், மறுபடி பிழிதல், தண்ணீர் தெளிந்து வரும்வரை. பிறகு புளித்த தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது பிசறி இருபது நிமிஷம் வைத்துவிட்டு, நல்லெண்ணெயில் ஓரம் சிவக்கப் புரட்டி எடுங்கள். குழம்பு கொதித்து அடங்கிய பிறகு, இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் போட்டால் போதும். பிழிந்த உருண்டை வெற்றுப் பஞ்சு, அது முதலில் எதைக் குடிக்கிறதோ அந்த ருசிதான் கடைசிவரை.

குழம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கறிக்குழம்பு மசாலாவை அப்படியே அரைத்து, கறிக்குப் பதில் காயைப் போட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். மசாலாவில் குறையில்லை, கறியிலிருந்து இறங்கும் கொழுப்புத்தான் இல்லை. அதை ஈடுகட்ட சின்ன வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, தேங்காயோடு ஒரு கரண்டி பொட்டுக்கடலையோ நாலு முந்திரியோ சேர்த்து அரைத்து, எண்ணெய் மேலே பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். சோம்பும் கல்பாசியும் இருந்தால் தெருமுனை வரை மணக்கும்.

ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது

கோழிக்குப் பதில் காளான், ஆட்டுக்கறிக்குப் பதில் பலாக்காய் என்று எழுதி வைத்த பட்டியல்களைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்கு அது சரி. பலாமூசு பிரியாணியில் நார் நாராகப் பிரிவதைப் பார்த்தால் கண்ணே ஏமாறும் (வெட்டும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவ மறந்தால் பால் ஒட்டிக்கொண்டு அன்று முழுக்க அவஸ்தை). ஆனால் புரதம் என்று பார்த்தால் காளானும் பலாக்காயும் 100 கிராமுக்கு மூன்று கிராம் அளவில்தான். பலாக்காய் பிரியாணி போடுகிற அன்று தயிர்ப் பச்சடியைத் தாராளமாக வைத்து, பக்கத்தில் ஒரு சுண்டலும் இருக்கட்டும்.

பனீர் வேறு வகைச் சிக்கல். 100 கிராமில் 18 கிராம் புரதம் உண்டு, கூடவே அதைவிடக் கூடுதலான கொழுப்பும் உண்டு. தினமும் பனீர் பட்டர் மசாலா என்று போனால் கறியே பரவாயில்லை என்றாகிவிடும். பர்ஸும் தாங்காது.

என்னைக் கேட்டால், வெளியே தேடுவதற்கு முன் நம் அடுப்படியைத் துழாவலாம். பருப்பு உருண்டைக் குழம்பும் வாழைப்பூ கோலாவும் நம்மிடம் எப்போதோ இருந்தவை. சேனைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, மீன் மசாலா தடவித் தோசைக்கல்லில் போட்டால் வஞ்சிரம் துண்டு தோற்றுவிடும். புளியை விட்டுவிட்டால் தொண்டை நமைச்சல் எடுக்கும். எனக்கு மிகவும் பிடித்தது சைவ ஈரல். பாசிப்பயறை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, சோம்பு, இஞ்சி, பச்சைமிளகாயோடு கெட்டியாக அரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி இட்லிப் பானையில் வேகவைக்க வேண்டும். ஆறியதும் துண்டு போட்டால் நிறமும் பதமும் ஈரல்தான். சூட்டோடு வெட்டுவதுதான் இதில் எல்லோரும் செய்கிற தவறு, உதிர்ந்துவிடும். மிளகு மசாலாவில் கடைசியில் போட்டு இரண்டு புரட்டு புரட்டினால் போதும்.

வெளியே தெரியாத குறை

பி12 என்கிற வைட்டமின் எந்தக் கீரையிலும் காயிலும் இல்லை. கறி, மீன், முட்டையில் உண்டு. பால், தயிரில் ஓரளவு உண்டு. நாளுக்குத் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான், ஆனால் அந்தத் துளி வந்தே ஆக வேண்டும். ஈரலில் சேமித்து வைத்தது வருஷக்கணக்கில் தாங்கும் என்பதால் கறியை விட்டதும் ஒன்றும் தெரியாது. அங்கேதான் ஏமாறுகிறோம். எனக்கு மூன்றாம் வருஷம் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. செருப்புதான் காரணம் என்று இரண்டு செருப்பு மாற்றினேன். ரத்தப் பரிசோதனையில் பி12 தரை தட்டியிருந்தது. முட்டையோ பாலோ தினமும் சாப்பிடுகிறவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. முட்டை, பால் இரண்டையுமே கைவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரைதான் வழி, மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சோறும் புளித்த மாவும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், அதை நம்பி இருக்க முடியாது.

இரும்புச்சத்து அவ்வளவு வம்பு பண்ணாது. கறியில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும், கீரை, பயறில் உள்ளது மெதுவாகத்தான் சேரும். எலுமிச்சை பிழிந்த சுண்டல், நெல்லிக்காய், தக்காளி என்று புளிப்பைக் கூடவே வைத்தால் சேர்மானம் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதுதான் அதைக் கெடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

குஸ்காவும் வெறும் சால்னாவும்

துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று நினைத்துப் பிரியாணிக் கடையில் குஸ்கா வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெரும்பாலும் கறியோடு வெந்த அதே அண்டாவின் சோறுதான் அது. பரோட்டாக் கடை வெறும் சால்னாவிலும் கோழியோ எலும்போ கொதித்திருக்க வாய்ப்பு அதிகம், பரோட்டா மாவிலேயே முட்டை விழுவதும் உண்டு. எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பது அவரவர் முடிவு, ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். பாக்கெட்டில் வருவதற்குப் பச்சைப் புள்ளி இருக்கிறது. இந்தியாவில் அந்தக் கணக்கில் பால் சைவம், முட்டை அசைவம். ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருந்தால் பழுப்புக் குறி இருக்கும், பாருங்கள். மருந்துக் கேப்ஸ்யூல் கூடும் பெரும்பாலும் ஜெலட்டின்தான், அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் வரும் சிக்கல் வேறு மாதிரி. "ரெண்டு துண்டை ஓரமா எடுத்து வச்சுட்டு சாறை மட்டும் ஊத்திக்கடா" என்பார் அம்மா. முதல் வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் இதில் சண்டைதான். எனக்கென்று தனிச் சமையல் கேட்டதுதான் நான் செய்த பிழை என்பது பிறகு புரிந்தது. அடுப்படியில் நிற்பது அவர், கொள்கை மட்டும் என்னுடையது. இப்போது மசாலா வதக்குவதை நான் எடுத்துக்கொண்டேன். கறி விழுவதற்கு முன் பாதி மசாலா வேறு சட்டிக்குப் போய்விடும். அதில் முந்தின நாள் இரவே ஊறவைத்த மொச்சை விழும், கத்தரிக்காய் இருந்தால் அதுவும்.