கார்டு மெஷின் வைக்கும் கைவினைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைவினைப் பொருள் செய்து விற்பவர்கள் கார்டு மெஷின் வாங்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை சதவீதம் பிடிப்பார்கள்? கிரெடிட் கார்டுக்கு இரண்டு சதவீதம் என்று பதில் வந்தால், நூற்றுக்கு இரண்டு ரூபாய்தானே என்று மனம் அடங்கிவிடுகிறது. முதல் தவறு இதுதான். எம்டிஆர் எனப்படும் அந்தக் கட்டணம் விற்பனைத் தொகை முழுவதன்மீதும் கணக்கிடப்படுகிறது. ஆனால் அதைக் கொடுப்பது லாபத்திலிருந்து.

12,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். பலகை, தங்கத்தாள், கற்கள், சட்டம், கூலி எல்லாம் போக 1,800 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு சதவீதக் கட்டணம் 240 ரூபாய். அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 43.20 ரூபாய், ஆக மொத்தம் 283.20 ரூபாய். லாபத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. தம் கூலியையே விலையில் சேர்க்காத கைவினைஞர்கள் ஏராளம் என்பதால், அவர்கள் லாபம் என்று நினைப்பதே உண்மையில் கூலிதான். கட்டணம் அந்தக் கூலியைத்தான் தின்கிறது.

மெஷின் வாடகையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. மாத வாடகை 400 ரூபாய் என்றும், அந்த மாதம் தலா 3,000 ரூபாய்க்கு ஐந்து கிரெடிட் கார்டு விற்பனைதான் நடந்தது என்றும் கொள்வோம். 15,000 ரூபாய்க்குக் கட்டணம் 300, வாடகை 400, இரண்டின்மீதும் ஜிஎஸ்டி 126, மொத்தம் 826 ரூபாய். இரண்டு சதவீதம் என்று சொல்லப்பட்டது ஐந்தரை சதவீதமாக முடிகிறது. கண்காட்சிக் காலத்தில் மட்டும் நன்றாக விற்று, மற்ற மாதங்களில் வீட்டிலேயே வேலை செய்பவர்களுக்கு நிரந்தர வாடகை மெஷின் ஏற்றதல்ல.

எல்லாக் கார்டுகளையும் ஒன்றாகக் கருதுவதும் பணத்தை இழக்கவைக்கிறது. ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு டெபிட் கார்டுக்கு மட்டுமே உண்டு. கிரெடிட் கார்டுக்கு இல்லை. 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்பனை செய்தவரிடம் மெஷின் வழி டெபிட் கார்டுப் பரிவர்த்தனைக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. அதுவும் ஒரு விற்பனைக்கு 200 ரூபாயைத் தாண்டக்கூடாது. 60,000 ரூபாய் மதிப்புள்ள சுவாமிமலைச் சிலைக்கு டெபிட் கார்டில் 200 ரூபாய் என்றால், இரண்டு சதவீதம் பேசிய கிரெடிட் கார்டில் 1,200 ரூபாய். ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டியவர்களுக்கு டெபிட் வரம்பு 0.90 சதவீதம், ஒரு விற்பனைக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய். ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் யுபிஐ பணத்துக்கும் 2020 ஜனவரி முதல் எம்டிஆர் கிடையாது. கியூஆரில் வருவதெல்லாம் இலவசம் என்று நினைத்துவிடவும் கூடாது: யுபிஐயுடன் இணைத்த ரூபே கிரெடிட் கார்டு வழியாக 2,000 ரூபாய்க்கு மேல் வரும் தொகைக்குக் கட்டணம் உண்டு. மாமல்லபுரத்தில் கல் சிற்பம் விற்பவரைப் போல வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருப்பவர், வெளிநாட்டுக் கார்டுக்கான விகிதத்தைத் தனியே எழுதி வாங்க வேண்டும். அது பொதுவாக உள்நாட்டு விகிதத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

"கார்டு என்றால் இரண்டு பர்சென்ட் சேர்த்துத் தாருங்கள்" என்று வாடிக்கையாளரிடம் கேட்பது கடைவீதியில் சகஜம். டெபிட் கார்டு வாடிக்கையாளரிடம் இந்தக் கட்டணத்தைச் சுமத்த ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கிரெடிட் கார்டுக்கும் வங்கி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தடை விதிக்கின்றன. செலவை முதலிலேயே விலையில் சேர்ப்பதே நேர்மையான வழி. 2,000 ரூபாய் வரையிலான கார்டுப் பரிவர்த்தனையில் எம்டிஆர் மீது ஜிஎஸ்டி இல்லை என்பதற்காக ஒரே பில்லை மூன்றாகப் பிரித்துத் தேய்ப்பதும் வேண்டாம். வங்கி அதைச் சந்தேகத்துடன் பார்க்கும்.

கணக்கெழுதுவதில் நேரும் தவறு வரிக்காலத்தில்தான் தெரியவரும். மேற்சொன்ன ஓவியத்துக்கு வங்கியில் 11,716.80 ரூபாய் வரவானாலும், விற்பனை 12,000 ரூபாய் என்றே எழுதி, மீதியைச் செலவாகக் காட்ட வேண்டும். ஜிஎஸ்டியில் வழக்கமான முறையில் பதிவு செய்தவர் அந்த 43.20 ரூபாயை, தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆன்லைனில் அனுப்பும் பொருள் உடைந்து வந்ததாகச் சொல்லி வாடிக்கையாளர் தம் வங்கியில் புகார் செய்தால், விற்றவர் கணக்கிலிருந்து தொகை திரும்ப எடுக்கப்படலாம். பொட்டலம் கட்டும்போது எடுத்த புகைப்படம், கூரியர் ரசீது, வாடிக்கையாளருடன் பேசிய செய்திகள் ஆகியவற்றைக் குறித்த கெடுவுக்குள் அனுப்பினால்தான் எதிர்வாதம் எடுபடும். பணத்தை நாமே திருப்பித் தரும்போதும், முதலில் பிடித்த கட்டணம் திரும்ப வருமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.