லினக்ஸ் டிரைவரில் வளக் கசிவைச் சரிசெய்வது எப்படி?

சாதாரண நிரல் ஒன்று தான் வாங்கிய நினைவகத்தை விடுவிக்க மறந்தாலும், அது முடிந்தவுடன், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கெர்னலே மறந்தால், கணினியை மறுபடி துவக்கும்வரை அந்த நினைவகம் போனது போனதுதான். வன்பொருள் சாதனங்களை இயக்கும் கெர்னல் நிரல்களான டிரைவர்களில் இத்தகைய கசிவை, சாதனத்தைத் தயார்படுத்தும் புரோப் செயற்கூற்றில், ஏதோ ஒரு படி தோற்றுப் பாதியில் திரும்பும் இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

ஒரு புரோப், நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் மூலம் பஃபர் (தரவு வைக்கும் நினைவகப் பகுதி) வாங்கி, சாதனத்துக்குத் துடிப்பு தரும் கிளாக்கை இயக்கி, பிறகு இன்டரப்டை (சாதனம் கெர்னலின் கவனத்தை ஈர்க்க அனுப்பும் குறிப்பு) பதிவுசெய்கிறது என்று கொள்வோம். கடைசிப் படி தோற்றதும் 'ரிட்டர்ன் ரெட்' (ரெட் என்பது பிழை எண் இருக்கும் மாறி) என்று நேராக வெளியேறினால், பஃபர் கசிவதோடு கிளாக்கும் வீணாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில், ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் எதிரே, அந்த இடத்தில் எவையெல்லாம் கையில் இருக்கின்றன என்று தாளில் எழுதுங்கள்.

அடுத்து, செயற்கூற்றின் இறுதியில், வாங்கிய வரிசைக்கு நேர்மாறாக லேபிள்களை (தாவிச் செல்வதற்கான பெயரிட்ட இடங்கள்) அமையுங்கள். இன்டரப்ட் தோற்றால் கோட்டு (goto) என்ற தாவல் கட்டளை வழியாக 'எர்_கிளாக்' லேபிளுக்குத் தாவி, அங்கே கிளாக்கை நிறுத்தி, அப்படியே கீழிறங்கி 'எர்_பஃபர்' லேபிளில் கேஃப்ரீ மூலம் பஃபரை விடுவித்து, ரெட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். கிளாக்கே தோற்றிருந்தால் நேராக 'எர்_பஃபர்' போதும். கோட்டு கூடாதென்று கல்லூரியில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். கெர்னலின் நிரல்நடை ஆவணமே இதற்கு அதைப் பரிந்துரைக்கிறது. முதல் லேபிளுக்கு மேலே 'ரிட்டர்ன் 0' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் வெற்றி பெற்ற புரோப்பும் எல்லாவற்றையும் விடுவித்துவிடும்.

தாமாக விடுவித்துக்கொள்ளும் டெவ்எம் வகைச் செயற்கூறுகள் வசதியானவைதான், ஆனால் அரைகுறையாகக் கலப்பது ஆபத்து. டெவ்எம் வளங்கள், சாதனத்தை நீக்கும்போது ஓடும் ரிமூவ் செயற்கூறு முடிந்த பிறகே விடுபடுகின்றன. ஆகவே இன்டரப்டை மட்டும் டெவ்எம்முக்கு மாற்றி, பஃபரை ரிமூவில் கையால் விடுவித்தால், இடையில் வரும் இன்டரப்ட் விடுவித்த நினைவகத்தைத் தொட்டுவிடும்.

சோதிக்க, கேமெம்லீக் என்ற கெர்னலின் கசிவு கண்டறியும் கருவியைச் சேர்க்கும் கான்ஃபிக்_டீபக்_கேமெம்லீக் தேர்வுடன் கெர்னலைத் தொகுத்து, இன்டரப்டைப் பதிவுசெய்யும் வரிக்குப் பதிலாகப் பிழை எண் ஒன்றைத் தற்காலிகமாக ரெட்டில் வைத்து டிரைவர் மாட்யூலை ஏற்றுங்கள். 5 வினாடிக்குக் குறைந்த வயதுள்ளவற்றைக் கேமெம்லீக் காட்டாது என்பதால், சற்றுப் பொறுத்து, பிழைதேடலுக்கான கோப்பு முறைமையான டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள கேமெம்லீக் கோப்பில் 'ஸ்கேன்' என்று எழுதி, பிறகு அதையே படியுங்கள். கசிந்த பஃபரின் அளவும் அதை வாங்கிய அழைப்புத் தடமும் தெரியும். கிளாக் கசிவு இதில் சிக்காது. அதற்கு அதே டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள கிளாக்_சம்மரி கோப்பில் இயக்க எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியதா என்று பார்க்க வேண்டும்.

திருத்தத்தைப் பேட்ச்சாக அனுப்பும்போது, பிழை நுழைந்த கமிட்டின் (பதிவான நிரல் மாற்றம்) அடையாளக் குறியில் முதல் 12 எழுத்துகளையாவது 'ஃபிக்ஸஸ்' வரியில் தலைப்புடன் குறிப்பிடுங்கள். எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்கு இத்திருத்தம் தேவை என்பதைப் பராமரிப்பாளர்கள் அதைக்கொண்டே கண்டறிகிறார்கள்.