இளம் வயதில் மறைந்த ஓவியரை நினைவில் வைத்திருக்க: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு ஒரு செய்முறை

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓர் இளம் ஓவியர் இறந்தால், அவருக்கு முதலில் எழுவது நாற்சந்தியில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ்தான். கையால் போர்டு எழுதிப் பிழைத்தவர்களின் வேலையைப் பறித்த அதே ஃபிளக்ஸில், அவர் வரைந்த ஒரு கோடுகூட இடம்பெறாமல், அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும் பெரிதாக்கி அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பதாகை இறங்கிய பிறகு நண்பர்களும் குடும்பத்தாரும் செய்யவேண்டிய வேலையைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் வரைந்தவை எவை, அவை இன்று யாரிடம் இருக்கின்றன என்று கண்டறிந்து எழுதிவைப்பதே முதல் கடமை. கூட்டம், நினைவு மலர், விருது எல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டியவை.

இதற்கான முன்மாதிரி நம் மண்ணிலேயே இருக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ளவற்றைப் போன்ற பழைய எழுத்துடை நடுகற்கள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், எந்த ஊர்ப் பூசலில் பட்டான் என்பதைச் சில வரிகளில் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல், எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் சொல்கிறது. ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்க, அந்தக் கல்லில் உளி பிடித்தவரின் பெயர் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. எழுதிவைத்தது நின்றது, எழுதாதது போயிற்று.

முதல் சில வாரங்களில் எதையும் சேகரிக்க முயலாமல், இருப்பது அழியாமல் தடுத்தாலே போதும். காரியம் முடிந்ததும் வீட்டைக் கழுவி, இறந்தவரின் துணியையும் பாயையும் அப்புறப்படுத்தும்போது, அரைகுறையாக வரைந்த சார்ட் பேப்பர்களும் பள்ளிக்கூட நோட்டுகளும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன. எனவே நெருங்கிய நண்பர் ஒருவர், தாயிடமோ மனைவியிடமோ பக்குவமாகப் பேசி, காகிதம் என்று இருக்கும் எதையும் ஓராண்டுக்கு வெளியே அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதே வேளையில் அவருடைய கைபேசியை யாருக்கும் கொடுத்துவிடாமலும், அதை ரீசெட் செய்யாமலும், சிம் கார்டை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பதும் அவசியம். அந்த எண் முடங்கினால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் இணையத்தில் அவர் சேமித்திருந்த படங்களை எடுப்பது பெரும்பாடு. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நிறுவனம் நீக்கிவிடக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

சுவரில் வரைந்தவைதான் முதலில் மறையும். பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் சாலைகளில் அவர் எழுதிய கடைப் பலகைகளும், பள்ளிச் சுவர்களிலும் கோயில் மதில்களிலும் தீட்டிய உருவங்களும் அடுத்த தேர்தலுக்கோ அடுத்த திருவிழாவுக்கோ சுண்ணாம்பு பூசப்பட்டுவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் இருவர் வண்டியில் போய் அவற்றைப் படமெடுத்து, ஊரையும் கட்டடத்தையும் குறித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். (பர்கூர் அருகே மல்லபாடிப் பாறை ஓவியங்கள் இத்தனை காலம் தப்பியதற்கு, அங்கே வெள்ளையடிக்க யாரும் ஏறவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

இனி பதிவேடு. நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். கணினி தெரிந்தவர் இருந்தால் பிறகு எக்செல்லில் ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் எண் கொடுத்து, தலைப்பு, வரைந்த ஆண்டு, எதன்மீது எதனால் வரையப்பட்டது, உயரமும் அகலமும் சென்டிமீட்டரில், கையெழுத்து எந்த மூலையில் எப்படி உள்ளது, இப்போது யாரிடம் இருக்கிறது, கிழிசலோ கறையோ உண்டா என்பவற்றை எழுதவேண்டும். அவர் தலைப்பு வைக்காத படத்துக்கு நாம் கவித்துவமாகப் பெயர் சூட்டுவது கூடாது; ‘தலைப்பில்லை’ என்று எழுதி, அடையாளத்துக்காக ‘கிணற்றடியில் இரு பெண்கள்’ என்பது போல ஒரு விவரத்தை மட்டும் சேர்த்தால் போதும். ஆண்டு தெரியாதபோது ஊகத்தை ஊகமென்றே குறிக்கவேண்டும். எனினும் துப்புகள் ஏராளமாகக் கிடைக்கும்: பின்பக்கத்தில் இருக்கும் காலண்டர் தாளின் மாதம், நோட்டின் அட்டையில் உள்ள வகுப்பு, கையெழுத்து காலப்போக்கில் சுருங்கிய விதம் ஆகியவற்றைக் கொண்டு வரிசையை ஓரளவு கட்டிவிடலாம். ஸ்கெட்ச் நோட்டிலிருந்து நல்ல பக்கங்களை மட்டும் கிழித்துச் சட்டம் போடும் ஆசை பலருக்கும் வரும். அதை உறுதியாகத் தடுக்கவேண்டும், ஏனெனில் ஒருவர் எப்படிக் கற்றார் என்பதை அந்த நோட்டின் பக்க வரிசைதான் சொல்லும்.

எண்ணை ஓவியத்தின் பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டுமே எழுதவேண்டும், ஏனெனில் பால்பாயின்ட் பேனாவின் அழுத்தமும் மையும் மறுபக்கம் தெரியும். லேமினேஷன் செய்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதன் சூடும் பசையும் காகிதத்தோடு ஒன்றிவிடுவதால் பின்னர் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் சில ஆண்டுகளில் பழுப்புக் கறையை விட்டுவிட்டு உதிரும். கரிக்கோல், பேஸ்டல் படங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்து, சுருட்டாமல், தட்டையான அட்டைப்பெட்டியில் கிடத்தி, இராமபாணப் பூச்சியும் கரையானும் எட்டாதபடி தரையையும் சுவரையும் ஒட்டாத அலமாரியில் வைக்கவேண்டும். பாச்சை உருண்டை போடுவதானால் காகிதத்தில் படாமல் துணியில் முடிந்து போடலாம். சட்டம் போடும்போது ஓவியம் கண்ணாடியைத் தொடாதபடி சுற்றிலும் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லவேண்டும். இறந்தவரின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அவர் வரைந்த படத்தையும் மாட்டி, இரண்டுக்கும் விளக்கேற்றிச் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் இயல்பு. மாலையும் குங்குமமும் புகைப்படத்துக்கு மட்டும் இருக்கட்டும், ஓவியத்தை வெயிலும் புகையும் படாத வேறு சுவருக்கு மாற்றிவிடலாம்.

படமெடுப்பதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. நேர் வெயில் விழாத சன்னலோரத்தில் ஓவியத்தைச் சாய்க்காமல் நிறுத்தி, ஃபிளாஷ் அணைத்து, கேமராவை அதற்கு நேர் எதிரே இணையாகப் பிடித்து, முன்புறம், பின்புறம், கையெழுத்து என மூன்று படங்களாவது எடுக்கவேண்டும். சிறிய தாள்களை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்யலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால் டாக்குமென்டாகவே அனுப்பவேண்டும். குறைந்தது மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். அவற்றில் ஒன்று வேறு ஊரில், ஒசூரிலோ சேலத்திலோ உள்ள ஒருவரிடம் இருப்பது நல்லது.

இவ்வளவு வேலையையும் குழு அமைத்துத்தான் செய்யவேண்டும் என்பதில்லை. என் கணிப்பில், பிடிவாதமுள்ள ஒருவர் போதும். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ 37 வயதில் 1890 ஜூலையில் இறந்து, அவரைத் தாங்கிய தம்பி தியோவும் ஆறே மாதத்தில் மறைந்தபோது, கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி யோஹன்னாவிடம் விற்காத ஓவியங்களும் கடிதக் கட்டுகளும்தான் இருந்தன. அவர் அவற்றைப் பிரித்துவிடாமல் காத்து, ஒவ்வொன்றாக வெளியே அனுப்பி, 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் 480-க்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். தியோவுக்கு வான்கோ எழுதிய கடிதங்களை 1914-ல் நூலாக்கினார். கொச்சியில் ஏழு வயது நிறையும் முன்பே 1983-ல் இறந்த சிறுவன் கிளின்ட் வரைந்தவை 25,000-க்கும் மேல் என்று சொல்லப்படுகின்றன. பெற்றோர் அவற்றைக் குப்பையென்று ஒதுக்காமல் வைத்திருந்ததால்தான் இன்று அவன் பெயரை நாம் சொல்கிறோம்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது மரணத்தில் தொடங்கவேண்டாம். சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து, முப்பதுகளின் தொடக்கத்தில் 1973-ல் மறைந்த ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவருடைய துயரத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, கறுப்பு மையில் அவர் எழுப்பிய கனவு மாளிகைகளையும் அவற்றினூடே தொப்பி அணிந்து திரியும் அவருடைய உருவத்தையும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். மாறாக ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லை எடுத்துக்கொண்டால், 28 வயதில் 1941-ல் இறந்தார் என்பதைவிட, 1937-ல் தென்னாட்டுப் பயணத்துக்குப் பின் அவருடைய வண்ணங்களும் உருவங்களும் எப்படி மாறின என்பதே நம்மை ஓவியத்தின் முன் நிறுத்துகிறது. நம் ஊர் ஓவியருக்கும் அப்படித்தான் எழுதவேண்டும். அவருக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்த ஆசிரியரையும், வேலைக்கு வைத்திருந்த போர்டு ஆர்ட்டிஸ்டையும் சந்தித்து, அவர் எந்தத் தூரிகையை விரும்பினார், எந்த வண்ணத்தைத் தவிர்த்தார், எதைப் பலமுறை அழித்து வரைந்தார் என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்ளலாம். தன்னுயிர் மாய்த்துக்கொண்டவராக இருந்தால், குடும்பத்தார் சம்மதிக்கும் அளவுக்கு மேல் எதையும் எழுதாமலும், அந்த முடிவைக் கலையின் விலையாகச் சித்திரிக்காமலும் இருப்பது கட்டாயம்.

உரிமை பற்றிய விவரங்களை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வது பின்னால் வரும் மனவருத்தத்தைத் தவிர்க்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் உரிமை அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்கு அந்தப் பொருள் சொந்தமே தவிர, எழுத்து மூலம் எழுதிக்கொடுத்திருந்தாலன்றி அதை அச்சிடும் உரிமை அவருக்குப் போகாது. கூலி கொடுத்துத் தன் உருவத்தை வரையச் சொன்னவரின் நிலை மட்டும் வேறு, அங்கே வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை வரையச் சொன்னவருக்கே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோரே முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை அவ்வகுப்பில் வருவதில்லை. எனவே மலரோ நாட்காட்டியோ அச்சிடுமுன் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, அதில் உள்ள அனைவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது முறை.

காட்சி வைக்கும்போது இருபது படங்கள் போதும். ஒவ்வொன்றின் கீழும் ஓவியரின் பெயர், ஆண்டு, அளவு, எதன்மீது எதனால் வரைந்தது என்பவற்றைச் சிறு சீட்டில் எழுதி வைத்து, முடிக்காமல் விட்ட ஒன்றிரண்டையும் சேர்த்து, பள்ளிக்கூட மண்டபத்திலோ நூலகத்திலோ பிறந்தநாளை ஒட்டி வைக்கலாம். கொரோனாவால் 2021-ல் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் ஓவியங்கள் பெயரில்லாமல் கைபேசிகளில் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சிறு சீட்டு எவ்வளவு தேவை என்பது புரியும். பார்க்க வருபவர்களில் யாராவது ஒருவர், தன் வீட்டிலும் அவர் வரைந்தது ஒன்று இருப்பதாகச் சொல்லக்கூடும். அதற்காக வாசலிலேயே ஒரு நோட்டு வைத்து முகவரி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே போய்ப் படமெடுத்துப் பதிவேட்டில் அடுத்த எண்ணில் சேர்த்துவிட வேண்டும். இருந்தது என்று தெரிந்தும் கிடைக்காத படைப்புகளுக்கும் எண் கொடுத்து, ‘இருப்பிடம் தெரியவில்லை’ என்று தேதியிட்டு எழுதிவைக்கலாம். பதிவேட்டின் முதல் பக்கத்தில், இப்போது அதைப் பராமரிப்பவரின் பெயரோடு, அவருக்குப் பின் பொறுப்பேற்பவரின் பெயரும் இருக்கவேண்டும்.