புகார் மனுவில் ‘கம்மி’யை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

‘தண்ணி கம்மியா வருது’ என்பதை அப்படியே ‘வாட்டர் இஸ் கமிங் வெரி லெஸ்’ என்று எழுதிவிடுகிறோம். புதுச்சேரியிலோ கடலூரிலோ மனுவைப் பிரிக்கிறவருக்கு அது புரியாமல் போகாது. ஆனால் நேரம் கம்மியா, வேகம் கம்மியா, தரம் கம்மியா என்பது கடைசிவரை தெரியாது. அலுவல் ஆங்கிலத்தில் குறைக்குக் குறை சொல் மாறும்.

முதலில் குறையைத் தமிழிலேயே ஒரு வரி எழுதி, அதில் எண் வருகிறதா பாருங்கள். ‘40 வீட்டுக்கு 20 நிமிஷம்தான் தண்ணீர்’ என்றால் அது அளவுக் குறை. சொல்: இன்சஃபிஷன்ட். ‘தி சப்ளை இஸ் இன்சஃபிஷன்ட் ஃபார் ஃபார்ட்டி ஹவுசஸ்.’ கணக்கில் பணம் பத்தாமல் செக் திரும்பும்போது வருவதும் இதே சொல்தான்.

எண் வரவில்லையா? பொருள் இருந்தும் வேலைக்கு ஆகவில்லையா என்று அடுத்துக் கேளுங்கள். தெருவில் வாய்க்கால் இருக்கிறது, ஐப்பசி மழைக்கு நிரம்பி வாசலுக்கு வந்துவிடுகிறது. இது இனாடிக்வட். பின்னாலேயே ‘ஃபார் மான்சூன் ரெயின்ஸ்’ என்று சேர்க்க வேண்டும். எதற்குப் போதவில்லை என்று சொல்லாவிட்டால் வெறும் புலம்பல். ஆள்மேல் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். ‘தி இன்ஜினியர் இஸ் இனாடிக்வட்’ என்றால் அவர் லாயக்கில்லை என்று திட்டியதாகிவிடும். ஆள் பற்றாக்குறைக்கு ‘தி ஆபீஸ் இஸ் அண்டர்ஸ்டாஃப்ட்’ போதும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் மனு என்றால் இன்னும் கவனம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளில் உள்ள குறை ‘டிஃபெக்ட்’, சேவையில் உள்ள குறை ‘டெஃபிஷன்சி’. விற்ற மிக்ஸியில் மோட்டார் பழுது என்றால் டிஃபெக்ட். அதைச் சரிசெய்ய ஆள் அனுப்பாமல் இழுத்தடித்தால் டெஃபிஷன்சி. மாற்றி எழுதினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

‘சப்ஸ்டாண்டர்ட்’ எழுதும்போது எந்தத் தர அளவுக்குக் கீழே என்று பெயர் சொல்லுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதில் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலான திடப்பொருள்களின் மொத்தம்) ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். ஆனால் வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை விலக்கு உண்டு. கடலோரத்து உப்புத் தண்ணீர் 1,200 காட்டுகிறது என்று மட்டும் எழுதினால், அந்த விலக்கையே பதிலாக அனுப்புவார்கள். மாற்று நீராதாரம் இருந்தால் அதையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

‘லாக்’ (எல்-ஏ-சி-கே, இல்லாமை) என்ற சொல்லில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குவது. வினையாக வந்தால் பின்னால் ‘ஆஃப்’ கிடையாது: ‘தி ஸ்ட்ரீட் லாக்ஸ் லைட்ஸ்.’ பெயர்ச்சொல்லாக வந்தால் வேண்டும்: ‘லாக் ஆஃப் லைட்ஸ்.’ ‘லாக்கிங் ஆஃப்’ என்பது எங்குமே இல்லை.

எழுத்துக்கூட்டலில் ஒன்று: இன்சஃபிஷன்ட்டில் இரண்டு ‘எஃப்’, டெஃபிஷன்ட்டில் ஒன்று. இரண்டும் முடிவது ‘சி-ஐ-இ-என்-டி’ என்று. காதில் ‘ஷ’ கேட்கிறதே என்று ‘எஸ்-ஹெச்’ போட்டுவிட வேண்டாம்.